உள்ளே சரக்கு இருக்கிறதா என்று நீ கேட்டாய்

இன்று மத்தியானம் விருதுநகரில், நீயும் நானும் வழக்கமாகச் சாப்பிடும் புரோட்டாக் கடைக்குள் நுழைந்தேன். எண்ணெயில் புரோட்டா பொரியும் வாசனை வாசலிலேயே பிடித்துக்கொண்டது. மூலை மேசையில் உட்கார்ந்ததும், பரிமாறுகிறவர் என்னைக் கேட்காமலே இரண்டு இலை போட்டார்.

"சார் வண்டிய நிப்பாட்டிட்டு வாராகளாக்கும், அண்ணாச்சி?" என்றார்.

நீ இறந்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்லியிருக்கலாம். "இல்லப்பா, இன்னைக்கு நான் மட்டுந்தான்" என்றேன். 'இன்னைக்கு' என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. அவர் ஓர் இலையை எடுத்துக்கொண்டு போனார். நான் இரண்டு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி, பாதியில் எழுந்துவிட்டேன். நீ இருந்திருந்தால், "காசு குடுத்தத வீணாக்குத ஆளாலே நீ?" என்று கேட்டிருப்பாய்.

நான் விருதுநகருக்குப் போனது உன் விஷயமாகத்தான். நான்கு வருடத்துக்கு முன் விஸ்வநத்தத்தில் என் கொட்டகை வாசலில் நீ காளிராஜைச் சுட்டாயே, அது நியாயந்தானா என்று மறுபடி விசாரிக்கிறார்கள். அவன் மனைவி பேச்சியம்மாள் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கியிருக்கிறாள். முதல் விசாரணையில் நான் சொன்ன சாட்சியத்தின் நகலை ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நீ போலீசுக்குப் போனாய். நான் சைக்கிளில் பட்டாசு கிப்ட் பாக்ஸ் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். பிறகு எனக்கு விஸ்வநத்தத்தில் சொந்தக் கம்பெனி வந்தது, உனக்குத் தோளில் நட்சத்திரம் வந்தது. உன் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் உன் மனைவி ஸ்டெல்லா டீச்சர் எனக்குத் தனியாக முறுக்கு எடுத்து வைப்பார். நீ என்னை 'மொதலாளி' என்று கூப்பிட்டால் கிண்டல் வரப்போகிறது என்று அர்த்தம். 'ஏலே' என்றால் நிஜப் பேச்சு.

வியாபாரிகள் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் ரவுடிகளிடம் வந்துதான் நிற்கும். எவனாவது ஒருவன் சீசன் நேரத்தில் வந்து மிரட்டியிருப்பான். நானும் சேர்ந்து பேசுகிறவன்தான். ஒருநாள் உன்னிடமே சொன்னேன்: "ரெண்டு பேரப் போட்டாத்தான்லே மத்தவனுக அடங்குவானுக."

நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "மொதலாளி, உம்ம வெடியில திரி பத்தலைன்னா சரக்கத் திருப்பி வாங்கிக்கிடுவீரு. நான் சுட்டுட்டா எதைத் திருப்பி வாங்க?"

"அப்ப துப்பாக்கி எதுக்கு? தொடைச்சு வைக்கவா?"

"அடுத்த நிமிசம் ஒரு உசுரு போகப் போகுது, தடுக்கதுக்கு வேற வழியே இல்ல. அப்பத்தான். ஓடுதான்னு சுடக் கூடாது. ஊரு கைதட்டும்னு சுடவே கூடாது."

அத்தனை வருட சர்வீசில் ஆள்மேல் ஒரு குண்டுகூட விட்டதில்லை என்பதில் உனக்கு ஒரு கர்வம் இருந்தது. நான் அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று கேலி செய்திருக்கிறேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. காலையில் ஒரு போன் வந்தது, செக்கிங் வருகிறதாம். நம் பக்கத்துத் தொழிலில் இப்படி ஒரு போன் வந்தால் என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாய். லைசென்சில் எழுதியிருக்கும் அளவுக்கு மேலே இருக்கிற வெடிச் சரக்கை, காகிதம் மட்டும் வைக்க வேண்டிய ஏதாவது ஒரு கொட்டகைக்கு மாற்றிவிடுவோம். அதிகாரிகள் போனதும் திரும்பக் கொண்டுவருவோம். எல்லாரும் செய்கிறதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அன்றும் போர்மேனைக் கூப்பிட்டு, "மிச்சச் சரக்கக் குழாய்க் கொட்டகைக்கு மாத்திரு" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

குழாய்க் கொட்டகை என்றால் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டி அடுக்கி வைக்கிற பழைய ஓட்டுக் கட்டடம். நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் குழாய் அடுக்கு, மறுபக்கம் பதினோரு பெண்கள் உட்கார்ந்து பசை தடவிக் குழாய் சுருட்டுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் வாசல் ஒரே முற்றத்தைப் பார்த்துத்தான். பெண்கள் பக்கம் ஒரு பின்வாசல் இருந்தது. அங்கே நான் காகித பண்டல்களை அடுக்கி அடைத்து வைத்திருந்தேன்.

காளிராஜ் என்னிடம் லோடு ஏற்றுகிற வேலை பார்த்தவன்தான். குடித்துவிட்டு வந்து சண்டை போட்டான் என்று நிறுத்திவிட்டேன். அதன்பிறகு இரண்டு வெட்டுக் கேஸ். அன்று காலை ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் அவனைப் பிடிக்கப்போன உன் கான்ஸ்டபிளின் கையை வெட்டிவிட்டு ஓடிவந்தவன், தெரிந்த இடம் என்று என் கொட்டகைக்குள் புகுந்துவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது நீ முற்றத்தில் நின்றாய். உன்னோடு இரண்டு போலீஸ், தகவல் தெரிந்து வந்த வி.ஏ.ஓ. காளிராஜ் குழாய்ப் பக்கத்து வாசலில், நிலையில் சாய்ந்தபடி நின்றான். கத்தி அக்குளில். ஒரு கையில் தீப்பெட்டி, ஒரு கையில் குச்சி. காலடியில் ஒரு கட்டுத் திரி அவிழ்ந்து உள்ளேவரை நீண்டு கிடந்தது. பெண்கள் வெளியே வர வேண்டுமானால் அவனைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"கிட்ட வந்தா கொளுத்திருவேன்! உள்ள என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும். செக்கிங் அன்னைக்கு இங்கன எத்தன லோடு எறக்கியிருக்கேன்! வேணும்னா உங்க மொதலாளிகிட்டக் கேளுங்க!" என்று கத்தினான்.

நீ நயமாகத்தான் பேசினாய். "காளி, பேச்சியம்மாவ வரச் சொல்லியிருக்கேன். கையில இருக்கத கீழ போட்டுட்டு வா. ஒருத்தனும் உன்னத் தொட மாட்டான். நான் பொறுப்பு." கால் மணி நேரம் அப்படிப் பேசியிருப்பாய். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு அவனுக்கு வெறி ஏறியதா பயம் ஏறியதா, குச்சியைப் பெட்டியின்மேல் வைத்தான்.

அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பிக் கேட்டாய்:

"ஏலே, உள்ள சரக்கு இருக்கா?"

எனக்குத் தெரியாது. மாற்றச் சொன்னேன், மாற்றினார்களா என்று கேட்கவில்லை. இருக்கும் என்றுதான் நம்பினேன். என் போர்மேன் சொன்ன வேலையைத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. ஆனால் வி.ஏ.ஓ. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருக்கு என்றால் அந்த இடத்திலேயே என் லைசென்ஸ் போய்விடும்.

"இல்ல. வெறும் குழாய்தான்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடி இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் நான் பொய் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கியவன் நீ. அந்த ஒரு நொடியில் நீ என்ன படித்தாய் என்று எனக்குத் தெரியும். திரும்பினாய். அவன் குச்சியை உரசினான். பற்றவில்லை. இரண்டாவது தடவை கையை ஓங்கினான். நீ சுட்டாய்.

கையைக் குறிவைத்துத்தான் சுட்டதாக அப்புறம் சொன்னாய். கழுத்தில் பட்டிருந்தது.

காலில் சுட்டிருக்கலாமே என்று ஊரில் எத்தனை பேர் உன்னிடம் கேட்டார்கள்! டீக்கடையில், கல்யாண வீட்டில், சர்ச் வாசலில். நீ ஒரே ஒருவனுக்குத்தான் பதில் சொன்னாய், அதுவும் எனக்கு. "கால்ல சுட்டா கால் மடங்கும்லே. கை குச்சிய உரசிட்டுத்தான் கீழ விழும்."

பெண்களை வெளியே அனுப்பிவிட்டு நீ கொட்டகைக்குள் போனாய். பின்னாலேயே நானும் வந்தேன். குழாய் அடுக்கு, அதற்குப் பின்னால் குழாய் அடுக்கு, மூலையில் சாக்கு. அவ்வளவுதான். ஒரு பெட்டி வெடிகூட இல்லை. காலையிலேயே வெளியூர் லாரி ஒன்று வந்திருக்கிறது, போர்மேன் மிச்சச் சரக்கை மாற்றாமல் அப்படியே அதில் ஏற்றி அனுப்பிவிட்டான். கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்துவிட்டு, சாயங்காலம் என்னிடம் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று இருந்திருக்கிறான்.

நீ ஒவ்வொரு அடுக்காகத் தள்ளிப் பார்த்தாய். கடைசியில் என்னிடம் கேட்டாய்:

"நெசமாவே இல்லையாலே?"

எத்தனையோ விதமாகத் திட்டு வாங்கியவன் நான். சைக்கிள் காலத்தில் கடைக்காரன் சரக்கைத் தெருவில் வீசியிருக்கிறான். எதுவும் இந்தக் கேள்வி மாதிரி உள்ளே இறங்கியதில்லை. அந்தக் கொட்டகையில் சரக்கு இருக்கிறது என்று நீ நம்பினாய், காளிராஜ் நம்பினான், நானும் நம்பினேன். நான் பொய் என்று நினைத்துச் சொன்னது உண்மையாகப் போய்விட்டது. நீ என் வார்த்தையை நம்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். நீ நம்பியது என் மூஞ்சியை.

மறுநாளே வியாபாரிகள் சங்கத்தில் உனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார்கள். தெருவில் சரம் கொளுத்தினார்கள். நீ யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. "செத்தவன் வீட்டுல இன்னும் எழவு முடியல. வெடி போடுதானுகளாம்" என்று ஸ்டெல்லா டீச்சரிடம் சொன்னாயாம்.

விசாரணைக்கு முதல் நாள் என்னைப் பார்க்க வந்தாய். நான் பேச்சை எடுப்பதற்கு முன்னாலேயே நீ சிரித்தாய். "மொதலாளி, உம்ம மூஞ்சியப் பாத்துச் சுட்டேன்னு எழுதினா, எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேப்பானுக."

"நான் வேணும்னா..." என்று இழுத்தேன்.

நீ காத்திருந்தாய். இப்போது நினைத்தால் நன்றாகத் தெரிகிறது, நீ காத்திருந்தாய். நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நீ எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாய்.

மறுநாள் அவர்கள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உரிமையாளரே உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு ஏன் சுட்டீர்கள்? "நம்பலைங்க" என்றாய். ஏன் நம்பவில்லை? "நம்பலைங்க." அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு முறை வந்தபோது, உள்ளே வெறும் குழாய்தான் என்று சொன்னேன், உள்ளே வெறும் குழாய்தான் இருந்தது என்று சொன்னேன். அறிக்கையில் எழுதினார்கள்: ஆபத்து இல்லை என்று தெரிவிக்கப்பட்ட பின்னரும் சுட்டதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை. பழிவாங்கச் சுட்டிருக்கலாம் என்றுகூட ஒரு வரி. வெட்டுப்பட்டது உன் கான்ஸ்டபிள் அல்லவா!

உன்னை ஸ்டேஷனிலிருந்து எடுத்து, வயர்லெஸ் கேட்கிற அறையில் உட்கார வைத்தார்கள். அந்த அறிக்கையின்மேல் எந்த முடிவும் எடுக்காமல் அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாய். புரோட்டா சாப்பிட்டோம், மழையைப் பற்றிப் பேசினோம், உன் மகள் நர்சிங் முடித்ததைப் பற்றிப் பேசினோம். ஒருநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, அலுப்பாக இருக்கிறது என்றாய். ஆடியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், வீட்டுக்கு வரவே இல்லை.

இத்தனை நாள் யோசித்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உன்னைப்போல் சட்டம் படித்தவன் இல்லை, வியாபாரி. அந்த இடத்தில் உனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நீ சுட்டது சரி. பதினோரு பெண்கள், ஒரே வழி, கையில் நெருப்பு, பேசிப் பார்த்தாயிற்று. இதைவிட வேறு எப்போது சுடுவது? ஆனால் அவன் சாக வேண்டியவன் இல்லை. இரண்டும் உண்மை. போலீஸ்காரன் கையில் துப்பாக்கி இருக்கும்போது, அவனிடம் பேசுகிறவன் வாயும் துப்பாக்கிதான் என்பது எனக்கு அன்று தெரியவில்லை. ரவுடிகளைச் சுடு சுடு என்று பேசியே பழகியவனுக்கு, ஒரே ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் துப்பில்லை.

இன்று அதைத்தான் சொன்னேன். செக்கிங், சரக்கு மாற்றச் சொன்னது, பொய் என்று நினைத்துச் சொன்னது, நீ என்னைப் பார்த்தது, எல்லாம். டைப் அடிக்கிற பெண் இரண்டு தடவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அதிகாரி சின்ன வயசு, மரியாதையான ஆள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அவர் உங்க நெருங்கிய நண்பர், இல்லையா?"

"ஆமாங்க."

"இறந்துட்டார். இனி அவர் பேரைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க. அது தப்பில்ல. ஆனா நாலு வருஷம் கழிச்சு இப்படிச் சொன்னா நான் எப்படி எடுத்துக்கறது? போர்மேனை விசாரிக்கலாமா?"

"அவன் போன வருசம் லாரி மோதிச் செத்துட்டான்."

"வேற ஆதாரம்?"

என் மூஞ்சியைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். சொல்வதை எழுதிக்கொள்கிறேன், ஏற்பதா என்பது பின்னால் முடிவாகும் என்றார் அதிகாரி. என் லைசென்சுக்கு வில்லங்கம் வரும், தெரிந்துதானே சொல்கிறீர்கள் என்றும் கேட்டார். தெரிந்துதான் என்று கையெழுத்துப் போட்டேன். பொய்யை எல்லாரும் நம்பினார்கள். நிஜத்தைச் சொன்ன அன்று, நண்பனுக்காகச் சொல்கிறான் என்கிறார்கள்.

வெளியே வராந்தாவில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். அவளுக்கும் ஒரு கம்பெனியில் திரி வெட்டுகிற வேலைதான். விரல் எல்லாம் கருமருந்துக் கறை. வக்கீல் அவளிடம் என் சாட்சியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்துகொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். அவள் வழியில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். நின்று வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"அண்ணாச்சி, உள்ள சரக்கு இருக்குன்னு நீங்களும் நெனச்சீகளா?"

"ஆமா தாயி."

"எங்க வீட்டுக்காரரு சும்மா மெரட்டினாருன்னுதான் ஊரெல்லாம் பேசுது. ஒண்ணுமில்லாத எடத்துல நின்னு பொய் சொல்லிச் செத்தான்னு சொல்லுதாக."

"அவன் பொய் சொல்லல."

"அப்ப அந்தப் போலீஸ்காரரும் பொய் சொல்லல."

"இல்ல."

அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியலன்னு சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி? கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருந்தா, அதுக்குள்ள நானும் வந்து சேந்திருப்பேன்ல? வாசல்வரைக்கும் வந்துட்டேன். ஆட்டோவுல எறங்கும்போதுதான் சத்தம் கேட்டுச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவகாசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து, தெரியாது என்ற சொல்லை நான் எவனிடமும் சொன்னதில்லை. சரக்கு கைவசம் இருக்கா என்று கேட்டால் இருக்கு என்பேன், இல்லை என்பேன். தெரியாது என்றால் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும். நீ சுட்டது நியாயமா என்பதை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும். எனக்கு அவள் கேட்டதுதான் மிச்சம். போர்மேனைக் கூப்பிட்டுக் கேட்க அரை நிமிசம் ஆகியிருக்கும். "லோடு போயிருச்சு அண்ணாச்சி" என்று சொல்லியிருப்பான். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்.